நல்லா இருக்குற பன்னிக்குள்ள எத்தனை வைரஸ்?

உலகத்துல எந்த ஊர் பண்ணையா இருந்தாலும் சரி, நல்லா தீனி தின்னு, இருமல் இல்லாம, காய்ச்சல் இல்லாம சுத்துற ஒரு பன்னியப் பிடிச்சு அதோட மூக்குச் சளி, சாணம், ரத்தம் மூணையும் லேப்புக்கு அனுப்பினா, வைரஸே இல்லன்னு ரிப்போர்ட் வர்றது அபூர்வம். ஒண்ணோட நிக்காது, நாலஞ்சு வரும். மொத தடவை கேக்குறவங்களுக்கு வயித்தப் பெரட்டும்தான். அதுவும் நம்ம மலேசியாவுல, பினாங்குல 2023 ஜனவரியில பண்ணைகளுக்குள்ள ஆப்பிரிக்க பன்னிக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து வாட்சப்ல யாராவது "பன்னியில வைரஸ் கண்டுபிடிப்பு"ன்னு ஒண்ணு அனுப்புறதும், கூடவே பழைய நிப்பா படத்த ஒட்டி விடுறதும், குடும்ப குரூப்ல இருக்குற அத்தைங்க எல்லாம் பயந்து போய் "இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க"ன்னு வாய்ஸ் நோட்டு போடுறதும் வழக்கமாயிடுச்சு. வைரஸ் உள்ள இருக்கறது வேற, நோய் வர்றது வேற. ஆனா "அதான் நல்லா இருக்கே, விடு"ன்னு சொல்றதும் அதே அளவுக்கு தப்பு, ஏன்னா ஒரு வைரஸ் கெடச்சதும் தேடுறத நிறுத்திட்டா என்ன ஆகும்னு நம்ம நாடு 1999ல உயிர் கொடுத்து கத்துக்கிட்டிருக்கு. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன், முன்னாடி பன்னிக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம்.

2011ல வந்த ஒரு ஆய்வ சொன்னா சட்டுன்னு புரியும். நெருக்கமா பன்னி வளக்குற ஒரே பண்ணையில 24 ஆரோக்கியமான குட்டிங்க, பேதியாகுற 12 குட்டிங்க, ரெண்டு கூட்டத்தோட சாணத்தையும் எடுத்து அதுல இருக்குற வைரஸ் மரபணு மொத்தத்தையும் படிச்சு பாத்தாங்க. பேதியாகுற குட்டிங்ககிட்ட சராசரியா 5.4 வகை வைரஸ். சரி, நோயாளி, இருக்கும். ஒண்ணுமே இல்லாத குட்டிங்ககிட்ட எத்தனைன்னு நெனக்கிறீங்க? 4.2. வித்தியாசம் ஒண்ணே கால் வைரஸ்கூட இல்ல. கோபுவைரஸ், அஸ்ட்ரோவைரஸ், என்டரோவைரஸ், சப்போவைரஸ், கொரோனா வகையறா ஒண்ணுன்னு பெரிய பட்டியலே வந்துச்சு. இதுல பாதி பேர நான் பத்து வருஷத்துக்கு முன்னாடி கேள்விப்பட்டதுகூட இல்ல, டாக்டருங்களே நிறைய பேரு கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. அப்போ பேதிக்கு காரணம் எது? சாணத்துல ஒரு வைரஸ் இருக்குன்னு காட்டினா மட்டும் அதுதான் குற்றவாளின்னு சொல்ல முடியாது, பக்கத்துல நல்லா குதிச்சுக்கிட்டு இருக்குறதுகிட்டயும் அதே ஆள் இருக்கானே.

இத்தன வைரஸ் எப்படி சேருதுன்னு கேட்டா, குட்டி பொறந்த நாள்லேர்ந்து ஆரம்பிக்கணும். மனுஷக் குழந்தைக்கு அம்மாவோட எதிர்ப்பு சக்தி வயித்துக்குள்ள இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியா வந்துடும். பன்னிக்கு அது கெடையாது, அதோட நஞ்சுக்கொடி அந்த ஆன்டிபாடிய உள்ள விடாது. அதனால குட்டி வெறுங்கையோட பொறக்குது, பொறந்த மொத நாளுக்குள்ள சீம்பால் வயிறு முட்ட குடிச்சாதான் அதுக்கு கவசம். பத்து பன்னெண்டு குட்டியில பலசாலிங்க முன்னாடி இருக்குற நல்ல காம்ப பிடிச்சுக்கும், சின்னது ஏமாந்து போகும். மூணு நாலு வாரத்துல அம்மாகிட்டேர்ந்து பிரிச்சு, பத்து இருபது தாயோட குட்டிங்கள ஒண்ணா ஒரே கொட்டடியில அடைப்பாங்க. அம்மா கொடுத்த ஆன்டிபாடி நாளாக நாளாக கரையுது, சிலது ஆறு வாரத்துல, சிலது பத்து வாரத்துல. புது தீனி, புது எடம், புது சண்ட, கூடவே ஒவ்வொரு தாயும் தன் குட்டிகிட்ட கொடுத்தனுப்பின ஒவ்வொரு வைரஸ். எல்லா வைரஸும் அறிமுகமாகுற வயசு அதுதான். ஹெப்படைடிஸ் ஈ மாதிரி ஒண்ணு ரெண்டு மாசம், நாலு மாசத்துக்குள்ள வந்து, காய்ச்சல்கூட காட்டாம போயிடும். அஞ்சாறு மாசத்துல நூறு கிலோ தாண்டினதும் லாரி ஏறப் போற உயிரு, அதுக்குள்ள அதோட உடம்பு இந்த வைரஸ் எல்லாத்தோடயும் ஒரு மாதிரி அட்ஜஸ்ட் பண்ணி வாழ கத்துக்கிட்டிருக்கும்.

எல்லா வைரஸும் வந்துட்டு போறதும் இல்ல. பிஆர்ஆர்எஸ்னு ஒண்ணு, பன்னியோட மூச்சையும் குட்டி போடுறதையும் கெடுக்குற வைரஸ், காய்ச்சல் விட்டு பன்னி நல்லா ஆன பிறகும் டான்சில்லயும் நெணநீர் முடிச்சுலயும் அஞ்சு மாசம் வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆஜெஸ்கி நோயோட வைரஸ் ஹெர்பிஸ் ஜாதி, நரம்பு முடிச்சுக்குள்ள போய் ஆயுசுக்கும் தூங்கும், பன்னிய லாரியில ஏத்தும்போதோ குட்டி போடும்போதோ அது முழிச்சுக்கும். வெளிய பாத்தா ரெண்டும் "நல்ல" பன்னிதான்.

இந்த மொத்த சங்கதியையும் புரிஞ்சுக்க பிசிவி2ங்கற சர்க்கோவைரஸ் ஒண்ணு போதும்னு எனக்கு தோணும். ரொம்ப சின்ன வைரஸ், குறுக்களவு 17 நானோமீட்டர், மொத்த மரபணுவும் 1,770 எழுத்துகூட தாண்டாது. இதோட அண்ணன் பிசிவி1ஐ 1974ல ஜெர்மனியில, லேப்ல வளக்குற பன்னி கிட்னி செல்லுக்குள்ள பாத்தாங்க, எந்த நோயும் தரல, சும்மா கெடக்குற சங்கதின்னு ஓரமா வச்சிட்டாங்க. 1991ல கனடாவுல ஒரு பண்ணையில தாய்ப்பால் மறந்த குட்டிங்க காரணமே இல்லாம மெலிஞ்சு, வெளுத்து, மூச்சு வாங்கி சாக ஆரம்பிச்சுது. பிற்பாடுதான் அதுல பிசிவி2 கெடச்சுது. ஆளப் பிடிச்சாச்சுன்னு பாத்தா அடுத்த சிக்கல்: எந்த நாட்டுல எந்தப் பண்ணையில தேடினாலும் இது இருக்கு, மெலியாத பன்னியிலயும் இருக்கு. பழைய காலத்து பன்னி திசுவ எடுத்து தோண்டி பாத்தா ஜெர்மனியில 1962 சாம்பிள்லயே இருக்கு. ஆக, நோய யாரும் பாக்குறதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே வைரஸ் ஊருக்குள்ள குடியிருந்திருக்கு.

அப்புறம் கிருமியே இல்லாத சூழல்ல வளத்த குட்டிங்கள வச்சு சோதிச்சாங்க. பிசிவி2 மட்டும் கொடுத்தா பெருசா ஒண்ணும் ஆகல. கூட பன்னி பார்வோவைரஸையும் கொடுத்தாங்க, மெலிவு நோய் முழு வேகத்துல வந்துச்சு. பிஆர்ஆர்எஸ்ஸோட சேத்து கொடுத்தப்பவும் தனித்தனியா கொடுத்தத விட மோசம். தனியா இருந்தா பூனை, ஜோடி சேந்தா புலி. எத்தன வைரஸ் இருக்குங்கறதும் முக்கியம்: ஒரு மில்லிலிட்டர் சீரத்துல, அதாவது ரத்தம் உறைஞ்ச பிறகு மேல நிக்கிற தண்ணியில, ஒரு கோடிக்கு மேல போச்சுன்னா நோயோட சம்பந்தம் இருக்கும்னு ஆய்வாளருங்க ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க, அதுக்கு கீழ இருந்தா பெரும்பாலும் சும்மா ஓடிக்கிட்டு இருக்கும். அதனாலதான் இன்னிக்கும் இந்த நோய உறுதி பண்ண மூணும் வேணும்னு கேக்குறாங்க: பன்னிக்கு அறிகுறி இருக்கணும், நெணநீர் திசுவுல அதுக்குரிய சேதம் தெரியணும், அந்த சேதம் ஆன எடத்துலயே வைரஸ் இருக்கணும். வெறும் பிசிஆர் பாசிட்டிவ் செல்லாது.

2006லேர்ந்து இதுக்கு தடுப்பூசி வந்துச்சு. நோய் வந்த பண்ணையில சாவு கொறஞ்சுது, அது எதிர்பாத்ததுதான். யாரும் எதிர்பாக்காதது, நோயே இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்த பண்ணையில போட்டப்பவும் பன்னி சீக்கிரம் எடை ஏறிச்சு! அதாவது அவ்ளோ நாளா பண்ணை முதலாளி தவுக்கேங்க "நம்ம பண்ணை சுத்தம்"னு சொன்னது, உள்ளுக்குள்ள வைரஸோட மல்லுக்கட்டி தீனியில ஒரு பங்க அதுக்கே செலவழிச்சுக்கிட்டு இருந்த பன்னிங்கள. ஆரோக்கியம்னு நாம எத சொல்லிக்கிட்டு இருந்தோம்னு எனக்கு இதப் படிச்சப்பதான் சந்தேகமே வந்துச்சு.

இன்னும் நேரா பாக்கணும்னா அறுப்புக்கூடத்துல நுரையீரல பாக்கணும். நடந்து உள்ள வந்த பன்னி, வெட்டுறதுக்கு முன்னாடி பரிசோதகர் பாத்து ஓகே சொன்ன பன்னி. தொறந்தா நுரையீரல் பின்பக்கமெல்லாம் இளஞ்சிவப்பா, அமுக்கினா காத்து நிரம்பின மாதிரி அமுங்குது, முன்பக்கம் கீழ இருக்குற மடல் மட்டும் கருஞ்சிவப்பா, ஓரம் கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு, விரலால அமுக்கினா கெட்டியா நிக்குது, ஒரு துண்ட வெட்டி தண்ணியில போட்டா மிதக்காம முங்கிடும். அங்க காத்து இல்ல, சீழும் செல்லும் அடச்சிருக்கு. இது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மாவோட வேலை, வைரஸ்கூட இல்ல, பாக்டீரியா வகை. மூச்சுக்குழாய்ல தூசியையும் சளியையும் மேல தள்ளுற குட்டி முடி இருக்கே, அத ஒட்டிக்கிட்டு சாகடிக்கும். வாசல் காவல்காரன் போயாச்சா, அடுத்து பிஆர்ஆர்எஸ் வந்து நுரையீரல் உள்ள ரோந்து சுத்துற மேக்ரோஃபேஜ் செல்லையே பிடிச்சு அதுக்குள்ளயே பெருகும். பிசிவி2 நெணநீர் செல்லுங்கள காலி பண்ணும். அதுக்கு மேல பன்னிக் காய்ச்சல் வைரஸ் ஒண்ணு, நான் சொல்றது சாதாரண ஃப்ளூ, சேந்துச்சுன்னா, வழக்கமா தொண்டையில ஒரு தொல்லையும் தராம இருக்குற பாஸ்டுரெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் மாதிரி பாக்டீரியா எல்லாம் கீழ எறங்கி நிமோனியா பண்ணிடும். வெட்னரி டாக்டருங்க இத கூட்டா "சுவாச நோய்த் தொகுப்பு"ன்னு ஒரே பேரு வச்சு சொல்றாங்க. யார் ஆரம்பிச்சான், யார் முடிச்சான்னு பிரிக்கவே முடியாத அளவு பின்னிப் பிணைஞ்ச கேஸு.

எதிர்ப்பக்கமும் உண்டு, ஒரு வைரஸ் இன்னொண்ண தடுக்குறது. எனக்கு ரொம்ப பிடிச்ச கத இது. டிஜிஈன்னு பன்னிக் குட்டிங்கள பேதியில கும்பலா கொன்ன ஒரு கொரோனாவைரஸ் இருந்துச்சு. 1984ல பெல்ஜியத்துல அதோட ஒரு புது உருவம் கெடச்சுது, அதுல மேல்முள் புரதத்தோட மரபணுவுல அறுநூறு எழுத்துக்கு மேல காணாம போயிருந்துச்சு, அதனால கொடல விட்டுட்டு மூச்சுக்குழாய்ல மட்டும் வாழுது, பெரிய நோயும் தரல. யாரும் கவனிக்காமலே ஐரோப்பா பண்ணை பூரா பரவிடுச்சு. அதோட ஆன்டிபாடி பழைய கொலகார வைரஸையும் தடுத்துச்சு, டிஜிஈ அங்க ஏறக்குறைய காணாம போயிடுச்சு. யாரும் போடாத தடுப்பூசி. ஆக ஆரோக்கியமான பன்னியில வைரஸ் இருக்குன்ன ஒடனே அத தொடைச்சு எடுக்கணும்னு கெளம்புறதுக்கு முன்னாடி, அது அங்க என்ன வேலை பாக்குதுன்னும் கேக்கணும். இது என் கருத்து, நிறைய பேரு ஒத்துக்க மாட்டாங்க.

டெஸ்ட் ரிப்போர்ட்ட எப்படி படிக்கறதுன்னும் ஒரு வார்த்த சொல்லிடுறேன், நியூஸ்ல இது பூரா கொழப்பமாத்தான் வரும். ஆன்டிபாடி டெஸ்ட்ல பாசிட்டிவ்னா வைரஸ் இப்ப இருக்குன்னு அர்த்தம் இல்ல, என்னிக்கோ வந்து போயிருக்கலாம், தடுப்பூசி போட்டிருக்கலாம், சின்னக் குட்டின்னா அம்மாவோட சீம்பால்ல வந்ததாவும் இருக்கலாம். பிசிஆர் வைரஸோட மரபணுத் துண்ட தேடும், செத்த வைரஸோட மிச்சத்தையும் எண்ணும். எத்தன பன்னிய எடுத்தாங்க, எந்த வயசுல எடுத்தாங்க, எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு தெரியாம சதவீதத்த மட்டும் வச்சு பயப்படுறதுல அர்த்தமில்ல. சாம்பிள் எடுக்குற முறையில ஒண்ணு பாக்க தமாஷா இருக்கும்: ஒவ்வொரு பன்னியா பிடிச்சு கத்த விட்டு ரத்தம் எடுக்குறதுக்கு பதிலா, கொட்டடியில பன்னியோட தோள் உயரத்துக்கு ஒரு பருத்திக் கயித்த தொங்க விடுவாங்க. பன்னிக்கு எது தொங்கினாலும் கடிச்சே ஆகணும். இருபது முப்பது நிமிஷத்துல கொட்டடியில முக்கால்வாசி பன்னி வந்து மென்னு, இழுத்து, சண்ட போட்டு, கயிறு எச்சில்ல ஊறி தொப்பலா ஆயிடும். நுனிய பிளாஸ்டிக் பைக்குள்ள விட்டு பிழிஞ்சா பழுப்பு நெறத்துல கலங்கலா ஒரு தண்ணி வரும், அத டியூப்ல ஊத்தி லேப்புக்கு அனுப்பினா முப்பது பன்னிக்கும் சேத்து ஒரே பிசிஆர். செலவு கம்மி, பன்னிக்கும் வலி இல்ல. ஆனா எந்தப் பன்னிக்குள்ள எது இருக்குன்னு தெரியாது, ஒரே பன்னிக்குள்ள ரெண்டு வைரஸா, இல்ல பக்கத்து பக்கத்து பன்னியில தனித்தனியான்னு பிரிக்க முடியாது. கூட்டுத் தொற்று பத்தி பேசுற ஆய்வுகள படிக்கும்போது இந்த ஒரு கேள்விய கண்டிப்பா கேக்கணும்.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். 1998 செப்டம்பர் வாக்குல ஈப்போ பக்கம் கிந்தாவுல பன்னிப் பண்ணைக்காரங்களுக்கு காய்ச்சல், தலைவலி, நெனவு தப்புறது. மூளைக்காய்ச்சல். நம்ம நாட்டுல மூளைக்காய்ச்சல்னா ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் ஞாபகத்துக்கு வரும், அதுக்கு பன்னியும் க்யூலெக்ஸ் கொசுவும் வேணும், ரெண்டும் அங்க இருக்கு. பன்னிக்குள்ள அந்த வைரஸ் அறிகுறியே இல்லாம பெருகும், கொசு கடிச்சு மனுஷனுக்கு கொண்டு வரும். போதாக்குறைக்கு நோயாளிங்கள்ல சிலரோட ரத்தத்துல ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஆன்டிபாடி நெஜமாவே இருந்துச்சு! அந்த ரிசல்ட் பொய் இல்ல, அந்த வைரஸும் ஊருக்குள்ள இருந்துச்சு. அதுதான் ஏமாத்துச்சு. கொசு மருந்து அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க, சாவு நிக்கல.

சரியா பாத்திருந்தா ஒண்ணும் பொருந்தல. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமா கொழந்தைங்கள பிடிக்கும், இங்க விழுந்ததெல்லாம் பன்னிய கையால தொட்டு வேல செய்யிற பெரிய ஆம்பளைங்க. தடுப்பூசி போட்டவங்களும் விழுந்தாங்க. அதே கொசு கடிக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க, பண்ணைக்குள்ள கால் வைக்காதவங்க, நல்லா இருந்தாங்க. மனுஷன் விழுறதுக்கு முன்னாடி பண்ணையில பன்னி இருமியிருக்கு, நாய் குலைக்கிற மாதிரி சத்தமா. ஆனா பண்ணைன்னா இருமல் இருக்கத்தானே செய்யும், மேல சொன்ன அந்த சுவாச நோய்க் கூட்டம் என்னிக்கும் உள்ள இருக்கே. சாவும் நூத்துக்கு அஞ்சுகூட இல்ல, நிறைய பன்னி தொற்று வந்தும் எதுவும் காட்டவே இல்ல. புதுசா ஒருத்தன் வந்து நிக்கிறது பழைய கூட்டத்து இரைச்சல்ல கேக்காம போச்சு. அதுக்குள்ள ஈப்போ பக்கத்துப் பன்னிங்க வித்து கைமாறி தெற்க வந்து, சிரம்பான் பக்கம் சிக்காமாட், அப்புறம் அப்போ நாட்டுலயே பெரிய பன்னி வட்டாரமா இருந்த புக்கிட் பெலாண்டோக்.

1999 மார்ச்சுல மலாயா பல்கலைக்கழகத்துல வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கம்பத்து நோயாளி ஒருத்தரோட தண்டுவடத் திரவத்துலேர்ந்து ஒரு வைரஸ வளத்தார். செல்லுங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பெரிய பெரிய கூட்டுச்செல்லா மாறிச்சு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படி செய்யாது. சாம்பிள கையோட எடுத்துக்கிட்டு அமெரிக்காவுல ஃபோர்ட் காலின்ஸ் லேப்புக்கு போனார், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சா பாராமிக்ஸோ குடும்பத்து வைரஸ், 1994ல ஆஸ்திரேலியாவுல குதிரைங்கள கொன்ன ஹென்ட்ராவோட சொந்தக்காரன். அதுதான் நிப்பா. மலேசியாவுல 265 பேருக்கு வந்து 105 பேர் செத்தாங்க. சிங்கப்பூர்ல நம்ம பன்னிய அறுத்த தொழிலாளிங்க 11 பேருக்கு வந்து ஒருத்தர் செத்தார். பெரும்பான்மை சீனருங்க, பண்ணையில கூலிக்கு நின்ன நம்ம ஆளுங்களும் அதுல இருந்தாங்க, அத யாரும் அதிகமா பேசுறதில்ல.

பிப்ரவரி கடைசியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் 896 பண்ணையில 9 லட்சத்துக்கு மேல பன்னிங்கள கொன்னு பொதச்சாங்க, ராணுவம் எறங்கி சுட்டுச்சு. அப்புறம் நடந்ததுதான் நம்ம தலைப்புக்கு நேரா வர்றது. எதுவும் மிச்சம் இருக்கான்னு நாடு பூரா 889 பண்ணைய ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணாங்க, 50 பண்ணை பாசிட்டிவ். கொன்னு முடிச்ச வட்டாரத்துக்கு வெளிய, ஓடிக்கிட்டிருந்த பண்ணைங்க இதெல்லாம். அதுல இன்னொரு 1,72,000 பன்னிக்கு மேல போச்சு. கண்ணால பாத்து சொல்றதுன்னா அந்த 50 பண்ணையில எத்தன பண்ணைய பிடிச்சிருப்பாங்க?

பின்னாடி 2011ல வந்த ஒரு ஆய்வு இத இன்னும் ஆழமா தோண்டிச்சு. நிப்பா முதல்ல வெடிச்ச, முப்பதாயிரத்துக்கு மேல பன்னி இருந்த ஈப்போ பக்கத்துப் பண்ணையில கொட்டடிக்கு ஓரமா மாமரம், பழந்தின்னி வௌவால் வந்து கடிச்சு போட்ட பழம் பன்னி கொட்டடிக்குள்ள விழ வாய்ப்பு. வைரஸ் முதல் தடவ உள்ள வந்தப்ப பன்னிங்க மேல வேகமா பரவி, எல்லாத்துக்கும் வந்து எதிர்ப்பு வந்ததும் அணைஞ்சு போயிருக்கும். ரெண்டாவது தடவ வந்தப்போ பாதி பன்னிக்கு எதிர்ப்பு இருந்துச்சு, குட்டிங்களுக்கு அம்மாவோட ஆன்டிபாடி இருந்து, அது வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கரைய கரைய புதுப் புதுக் குட்டி வைரஸுக்கு கெடச்சுக்கிட்டே இருந்துச்சு. அரைகுறை எதிர்ப்பு இருந்ததாலயே வைரஸ் அணையாம மாசக்கணக்குல நின்னு எரிஞ்சிருக்கு. இதக் கணக்குப் போட்டு காட்டினாங்க. சீம்பால் கவசம்னு மேல சொன்னேனே, அதே கவசம் மந்தைய பொறுத்தவரைக்கும் வைரஸுக்கு நெடுநாள் சாப்பாடு ஆயிடுச்சு. வௌவால்தான் மூலம்னு திட்டவட்டமா ஆனது சுவா குழு தியோமான் தீவுல வௌவால் மூத்திரத்துலேர்ந்து வைரஸ எடுத்த பிறகு. அதுக்கப்புறம் பண்ணை ஓரத்துல பழமரம் கூடாதுங்கறது இங்க பாலபாடம்.

ஃப்ளூவ பத்தி எல்லாருக்கும் தெரியும், ரெண்டு வரியில முடிச்சுடுறேன். பன்னி மூச்சுக்குழாய்ல பறவை ஃப்ளூ ஒட்டுற கொக்கியும் மனுஷ ஃப்ளூ ஒட்டுற கொக்கியும் ரெண்டுமே இருக்கு, ஒரே செல்லுக்குள்ள ரெண்டு ஃப்ளூ போனா மரபணுத் துண்டுங்கள மாத்திக்கும். 2009ல உலகத்த சுத்தின எச்1என்1 அப்படி வட அமெரிக்க பன்னி ஃப்ளூவும் ஐரோப்பா-ஆசியா பன்னி ஃப்ளூவும் கலந்து பொறந்தது. கூட்டுத் தொற்றுன்னாலே எனக்கு கவலை வர்ற ஒரே எடம் இதுதான், ஏன்னா இங்க ரெண்டு வைரஸ் சேந்து மூணாவது ஒண்ணு உருவாகுது.

சுத்தம் சுத்தம்னு பாத்து பாத்து வளத்த பன்னியிலயே ஒரு வைரஸ் கண்ணுல படாம தப்பிச்சுது தெரியுமா. 2022 ஜனவரியில அமெரிக்காவுல மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல டேவிட் பென்னட்ங்கறவருக்கு, பத்து மரபணு மாத்தின பன்னியோட இதயத்த வச்சாங்க. தனி கட்டடத்துல, வைரஸ் டெஸ்ட்டுக்கு மேல டெஸ்ட் பண்ணி வளத்த பன்னி. ரெண்டு மாசத்துல அவர் எறந்துட்டார். அவர் உடம்புல பன்னியோட சைட்டோமெகலோவைரஸ் கெடச்சுது, இதுவும் உள்ள தூங்குற ஹெர்பிஸ் ஜாதிதான். பன்னியோட மூக்குல துடைச்சு எடுத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்திருந்துச்சு, எடுத்து வச்சிருந்த மண்ணீரல பிற்பாடு பாத்தப்போ அங்க ஒளிஞ்சிருந்துச்சு. சாவுக்கு அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, அவர் ஏற்கனவே ரொம்ப மோசமான நெலமையில இருந்தவர். ஆனா பபூன் கொரங்குக்கு பன்னி இதயம் வச்ச சோதனையில அந்த வைரஸ் இருந்த இதயம் சீக்கிரமே நின்னு போனத முன்னாடியே பாத்திருக்காங்க. மூக்குல இல்லன்னா உடம்புல இல்லன்னு நெனச்சதுதான் அங்க பிரச்சன.

ஆப்பிரிக்க பன்னிக் காய்ச்சல் இதுக்கு நேர் எதிர்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். மனுஷனுக்கு வராது, ஆனா பன்னிக்கு வந்தா கொட்டடியே காலி, ஒளிவு மறைவே இல்லாத கொலகாரன். 2018ல சீனாவுக்கு வந்து, 2021 பிப்ரவரியில சபா, அதே வருஷம் டிசம்பர்ல மலாக்கா, அப்புறம் இங்க வடக்க பினாங்கு. ஆனா சீனாவுலயே 2021 வாக்குல வேகம் கொறஞ்ச உருவங்க கெடைக்க ஆரம்பிச்சுது, பன்னி சாகாது, லேசா காய்ச்சல், கொஞ்சம் எளைப்பு, மத்தபடி தின்னுக்கிட்டே இருக்கும், வைரஸ வெளிய விட்டுக்கிட்டும் இருக்கும். பண்ணைக்காரன் அத பிஆர்ஆர்எஸ்னோ சாதாரண இருமல்னோ நெனச்சு சந்தைக்கு ஏத்திடுவான், முன்னாடி ஈப்போவுல நடந்த மாதிரியே. பினாங்குல மூடின ஷெட்டுக்கு மாறுங்கன்னு மாநில அரசு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கு, கொசுவுக்கும் வௌவாலுக்கும் அது நல்ல பதில், நாத்தமும் கொறையும். ஆனா மூடின ஷெட்ல ஒரு பன்னி இருமினா ஆயிரம் பன்னி அந்தக் காத்ததான் மூச்சு விடணும், ஒரே வயசு பன்னிங்கள ஒண்ணா ஏத்தி ஒண்ணா காலி பண்ணி நடுவுல கழுவி காய விடுற ஒழுங்கு இல்லன்னா ஷெட்டு மட்டும் புதுசா இருந்து பிரயோசனமில்ல. கம்போங் செலாமாட் மாதிரி பண்ணைங்க ஒட்டி ஒட்டி இருக்குற எடத்துல அடுத்த வேலி தவுக்கே என்ன செய்யிறார்ங்கறதும் உங்க பன்னியோட ஆரோக்கியம்தான்.

சாப்பிடுறவங்களுக்கு இதுல எது முக்கியம்? பிசிவி, பிஆர்ஆர்எஸ், ஆப்பிரிக்க காய்ச்சல், இதெல்லாம் மனுஷன ஒண்ணும் செய்யாது. ஹெப்படைடிஸ் ஈ செய்யும். பன்னி முகத்துல ஒண்ணும் தெரியாது, ஈரல்ல இருக்கும். ஜப்பான்ல ஹொக்கைடோவுல கடையில வித்த பச்ச ஈரல் பாக்கெட் 363 எடுத்து பாத்ததுல 7ல வைரஸ் இருந்துச்சு, 2015லேர்ந்து அங்க பச்சையா சாப்பிட பன்னி ஈரல் விக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. நம்ம வீட்டு பெரட்டல்ல மஞ்சள், மிளகு, வெங்காயம் எல்லாம் போட்டு அரை மணி நேரம் சுண்ட விடுறதால கவலை இல்ல. கோலாலம்பூர் புடு மார்க்கெட் பக்கம் பன்னி நூடல்ஸ் கடையிலதான் கொஞ்சம் கவனிக்கணும், மெலிசா சீவின ஈரல கொதிக்கிற சூப்புல ஒரு முக்கு முக்கி, நடுவுல இன்னும் சிவப்பா இருக்கும்போதே கிண்ணத்துல போட்டு கொடுப்பாங்க, அப்படி இருந்தாத்தான் மெதுவா இருக்கும்னு கேட்டு வாங்குறவங்களும் உண்டு. அந்த வைரஸ முழுசா கொல்ல உள்பக்கம் 71 டிகிரி சூடு 20 நிமிஷம் இருக்கணும்னு சோதிச்சு சொல்லியிருக்காங்க. உடம்பு நல்லா இருக்குறவங்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் தானா போயிடும். கிட்னி மாத்தி வச்சுக்கிட்டு எதிர்ப்ப அடக்குற மருந்து சாப்பிடுறவங்களுக்கு போகாது, வருஷக்கணக்குல நின்னு ஈரல சுருக்கிடும், அப்படி யாராவது உங்க வீட்டுல இருந்தா அவங்க கிண்ணத்துல மட்டுமாவது ஈரல் வேணாம்னு கடைக்காரர்கிட்ட சொல்லிடுங்க.